அவருக்குத்தான் சர்க்கரை

நாத்தனார் இனிப்புப் பெட்டியைத் திறந்து தம்பியின் தட்டருகே நகர்த்தினாள்.

தம்பி அதை ஒற்றை விரலால் திரும்ப நகர்த்தினார்.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் இனிப்பைத் திருப்பி அனுப்பி யாரும் பார்த்ததில்லை. கரண்டியும் கையுமாக நின்ற மனைவிக்கே லேசாகப் புல்லரித்தது.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர். தன் நாக்குக்கு மட்டும் பிரேக் கிடையாது என்று அவரே பெருமையடித்துக்கொள்வார். சோறு குன்றாகக் குவிந்திருக்க வேண்டும். பக்கத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட உருளைக்கிழங்கு வறுவல். கீரையைக் கண்டால், ஆட்டைக் கூப்பிடு என்பார்.

அதெல்லாம் நான்கு மாதத்துக்கு முந்தைய கதை.

"அக்கா, தட்டுங்கறது ரோடு மாதிரி," என்றார் இப்போது. "பாதி காய்க்கு, கால் பருப்புக்கு, கால் சோத்துக்கு. அவங்கவங்க அவங்கவங்க லேன்ல போகணும்."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். முதலில் காய். பிறகு பருப்பு. சோற்றைக் கடைசியில்தான் தொட்டார். வயிறு பாதி நிறைந்த பிறகு வரும் சோறு வாலைச் சுருட்டிக்கொண்டு வருமாம்.

மாறியது தட்டு மட்டுமல்ல. எண்ணெய்ப் புட்டியை வாணலி மேல் கவிழ்க்கும் பழக்கம் போய், ஸ்பூன் கணக்கு வந்திருந்தது. பிஸ்கட் டப்பாவில் வறுத்த கடலை குடியேறியிருந்தது. தேநீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒன்றாகி, அரையாகி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமலே போயிருந்தது. சாப்பிட்டதும் கணவனும் மனைவியும் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார்கள். திரும்பும் இடத்தில் அவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டி சிக்னல் காட்டுவார்.

"பாவம், எனக்காக இவளும் இதையேதான் சாப்பிடறா," என்றார், மனைவியைப் பார்த்து.

மனைவி அடக்கமாகத் தலை குனிந்துகொண்டாள்.

நாத்தனாருக்கு ஏதோ இடித்தது. பெண்கள் விடுதியில் முப்பது வருடம் வார்டனாக இருந்தவள். சுவரேறிக் குதித்து வந்தவளை மூச்சு வாங்கும் தினுசிலேயே பிடித்துவிடுகிறவள்.

"நம்ம வம்சத்துலயே சர்க்கரை கிடையாதே. உனக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு? அந்த ரிப்போர்ட்டக் கொண்டா பார்ப்போம்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று நினைவில்லை, அப்புறம் தேடித் தருகிறேன் என்று இழுத்தாள். அதற்குள் கணவர் எச்சில் கையோடு எழுந்து, டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறையை இடது கையால் திறந்து, காகிதத்தை எடுத்து அக்காவிடம் நீட்டிவிட்டார். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. லேபில் ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டவர், ரிப்போர்ட் வந்த அன்றும் கண்ணை மூடிக்கொண்டு, நீயே படிச்சுச் சொல்லு என்றுவிட்டார். அவளும் படித்துச் சொன்னாள். எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை வேண்டாம், இப்போதே சாப்பாட்டை மாற்றினால் தப்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். ஓர் எண்ணைக்கூட அவள் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

நாத்தனார் காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி மேலே போனாள். அங்கேயே நின்றாள்.

பிறகு தம்பியைப் பார்த்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள். தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் கடைசியில். "கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. இவ சொல்றபடியே சாப்பிடு."

காகிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வாசலில் மூன்று மணி வகுப்புக்காரர் வந்து நின்றார். கணவர் கை கழுவிவிட்டு, வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தோடு கிளம்பினார். கார் தெருவைத் தாண்டும் சத்தம் கேட்டது.

நாத்தனார் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, அதுல உன் பேருல்ல இருக்கு."

மனைவி அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"ரெண்டு பேரும்தான் ரத்தம் குடுத்தோம் அண்ணி. அவருக்கு ஒண்ணுமில்ல, குதிரை மாதிரி இருக்காரு." துணியைப் பிழிந்தாள். "எனக்குன்னு சொன்னா, எனக்குத் தனியா ஒரு சின்னச் சட்டி ஏறும். நான் ஆபீஸ் கிளம்பற அவசரத்துல அதையும் நான்தான் வைக்கணும். பத்து நாள் வைப்பேன், அப்புறம் அவர் தட்டுல மிஞ்சினதைத் தின்னுட்டுப் போயிடுவேன். அவருக்குன்னு சொன்னேன், வீடே மாறிடுச்சு."

சொல்லிவிட்டு, வசவுக்காகக் காத்திருந்தாள். எதிரே நிற்பது அவருடைய கூடப்பிறந்தவள், அதிலும் வார்டன்.

நாத்தனார் முறத்தில் கிடந்த பீன்ஸ் ஒன்றை எடுத்து ஒடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எனக்கு நாலு வருஷமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

மனைவி கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

நாத்தனார் கதவைக் கொஞ்சம் திறந்து, கூடத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி சாத்தினாள்.

"எங்க வீட்டுக்காரர் ஊசிக்கெல்லாம் பயப்பட மாட்டார். ஆனா கண்ணாடி இல்லேன்னா ஓரெழுத்து தெரியாது," என்றாள் குரலை இறக்கி. "அது எந்த லேப்?"