பாதி மாத்திரை

"டாக்டரே, எனக்க மாப்பிள நாய்க்கு வெசம் வைக்காரு."

சொல்லிவிட்டு ரத்னபாய் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மிருகாஸ்பத்திரி வாசலில் ஆட்டோவோடு நிற்கிறவர்தான் அந்த மாப்பிள்ளை, அவள் புருஷன் ஜெயதாஸ். மேசைமேல் கிடந்த நாய் ரூபிக்குத் தலையைத் தூக்கவும் தெம்பில்லை.

டாக்டர் ஆதிரா நிமிர்ந்தாள். "நீங்க கண்டியளா?"

"காணல்ல. இன்னைக்கு காலம்பற இது நாய்க்க தட்டத்துல கெடந்து."

பர்சிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பாதியாக உடைத்த ஒரு மாத்திரை. அதில் ஏத்தம்பழம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நீங்க வச்சதில்லியா?"

"நீங்க தந்த குளிகையை நான் மீனுக்குள்ள வச்சாக்கும் குடுக்கது. இது வேற. வீட்டுல நானும் அவரும் மட்டுந்தான் உண்டு."

ரூபி, மகள் ரெஜிலா வளர்த்த நாய். ரெஜிலா பொழியூர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வேறு கிறிஸ்தவ சபைக்காரன். அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தியவர் ஜெயதாஸ். பிறகு பையன் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது பூவாரில் வாடகை வீடு. அங்கே நாய் கூடாதாம். அதனால் ரூபி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் ரெஜிலாவின் போன் வந்தால் போதும், ஜெயதாஸ் எழுந்து வெளியே போய்விடுவார். நாயின் பெயரைக்கூட அவர் சொன்னதில்லை. மலையாளத்தில் நாயைச் சொல்வதுபோல் 'பட்டி', அவ்வளவுதான். இன்றைக்கு ஆட்டோவில் ஏற்றும்போதும் "சீட்டு நாறும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சாக்கு விரித்தார். மகள்மேல் உள்ள கோபத்தை நாய்மேல் தீர்த்துக்கொள்கிற மனுஷன் என்று ரத்னபாய் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

"வெசந்தான்னு சொல்லுங்க டாக்டரே. நான் இன்னைக்கே மகளுக்க கூட போய் இருந்துருவேன்."

டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. படர்தாமரைக்குச் சரியான மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருந்தாள். குறைந்திருக்க வேண்டியது, முதுகு முழுக்கப் படர்ந்து கிடந்தது.

"வெள்ளம் நெறைய குடிக்குதா?"

"சருவம் சருவமா குடிக்கு, வச்ச பாத்திரம் எல்லாம் காலி."

"வயிறும் வீங்கியிருக்கு." டாக்டர் அந்தப் பாதி மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது வெசம் இல்லம்மா. ஸ்டீராய்டு மாதிரி தெரியுது. சொறிச்சலை அடக்குகது."

"சொறிச்சலுக்கா?"

"சொறிச்சல் அடங்கும். ஆனா பூஞ்சைக்கு இது கொண்டாட்டம். தடுக்க ஆளில்லாம படரும். நான் தந்ததும் இதும் சேந்து உள்ள போனா இன்னும் மோசம். ஈரலும் கெட்டுரும்."

ரத்னபாய் டாக்டரின் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். "கொல்ல நெனைக்கவரு சொறிச்சலுக்கு எதுக்கு மருந்து குடுக்காரு?"

"அவரையே கூப்பிடுங்க."

ஜெயதாஸ் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை காக்கிச்சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

"இந்த குளிகை நீங்க குடுத்ததா?"

"நானா? பட்டிக்கு நான் பச்சவெள்ளம் குடுக்கதில்ல. செத்தா ஒரு சல்லியம் தீந்துது."

கேட்டீர்களா என்பதுபோல் ரத்னபாய் டாக்டரைப் பார்த்தாள்.

"செரி. ஆனா இது எத்தனை நாளா, எவ்வளவு உள்ள போச்சுண்ணு தெரியாம நான் மருந்தை மாத்த முடியாது. சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்தாக்கும். ஒண்ணும் தெரியல்லேண்ணா நாய் பிழைக்கது கஷ்டம்."

ஜெயதாஸ் சுவரை விட்டு மேசையருகே வந்தார்.

"டாக்டரே, ரூபி சாவாது இல்லியா?"

அந்தப் பெயரை அவர் வாயால் ரத்னபாய் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "களியக்காவிளையில ஒரு கடையில சொறிச்சலுக்குண்ணு கேட்டு வாங்கினது. ஒரு மாசமா பாதி நான் தின்னுவேன், பாதி பழத்துக்குள்ள வச்சு இதுக்கு குடுப்பேன். எனக்கு சொறிச்சல் நிண்ணுது. இதுக்கும் நிக்கட்டேண்ணு..."

"பார்டர் தாண்டி களியக்காவிளைக்கு எதுக்கு போனிய? இங்க பாறசாலையில கடை இல்லியா?" என்றாள் டாக்டர்.

"இங்க வாங்கினா கடைக்காரன் இவகிட்ட சொல்லிருவான்."

டாக்டருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நல்ல ஆளுகதான். அந்தப் பக்கத்து மருந்தும் இந்தப் பக்கத்து மருந்தும் இது வயித்துக்குள்ள கெடந்து அடி போட்டிருக்கு. பயப்படாதீங்க, பிழைச்சுரும். இதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும். அதுசெரி, உங்களுக்கு எங்க சொறிச்சல்? கைய காட்டுங்க."

தயங்கித் தயங்கிப் பொத்தானைக் கழற்றினார். முழங்கை வரை வட்டவட்டமாகச் சிவந்திருந்தது. ரூபியின் முதுகில் இருந்த அதே வட்டங்கள்.

டாக்டர் ரத்னபாயின் கையையும் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

"தினம் சோறு வைக்கிய, உங்களுக்கு ஒட்டல்ல. இவருக்கு இவ்வளவு ஒட்டியிருக்குண்ணா, இதை நெஞ்சோட சேத்து வச்சிட்டு இருந்திருக்காரு."

ரத்னபாய்க்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. "நான் ஒருநாளும் கண்டதில்லியே! எப்பம்?"

ஜெயதாஸ் ரூபியின் காதைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்தார்.

"ரெஜிலா ஒனக்க போன்ல பேசும்போ, அவளுக்க சத்தம் கேக்க அது வெளிய சன்னலுக்கு அடியில வந்து கெடக்கும்," என்றார். "நானும் அங்கதான் இருப்பேன்."