இருபத்தைந்தாம் தேதித் தாள்

"தவசி, பாத்துக் கிழி. ஓரம் பிஞ்சிரக் கூடாது. சட்டம் போட்டு மாட்டணும்" என்றார் ராஜபாண்டி.

கணக்கப்பிள்ளை தவசி ஸ்டூலில் ஏறி, ஜூன் இருபத்து நான்காம் தேதியைக் காலண்டரிலிருந்து பதமாகக் கிழித்து எடுத்தார்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘வரலாற்றில் இன்று’. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த நாள், 1928. அதற்குக் கீழே, கலைக் காவலர் அருப்புக்கோட்டை ராஜபாண்டி பிறந்த நாள், 1955.

நேற்று அவருக்கு எழுபது முடிந்தது. அவருடைய பருத்திக் கமிஷன் கடை முழுக்க மாலைகள் வாடிக் கிடந்தன.

விளைந்த பருத்திக்கு விலை கேட்க வந்த சம்சாரிகளோடு பெஞ்சில் துர்காதேவியும் உட்கார்ந்திருந்தாள். அவளும் பருத்திக்குத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் அவளுடைய முதலாளி மூன்று தடவை சரிபார்ப்பார். எந்தப் போர் என்றைக்கு மூண்டது, எந்தப் பாடகர் என்றைக்குப் பிறந்தார் என்கிற பொடி எழுத்தை அவளிடமே விட்டுவிடுவார்.

போன ஆடியில் ராஜபாண்டியே நேரில் வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எம்.எஸ்.வி.க்குக் கீழே தன் பெயர் வரவேண்டும் என்று சொன்னார். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

போட்டுக் கொடுத்தாள். அடுத்த நாளின் தாளையும் அன்றே முடித்தாள்.

அவளுடைய அப்பா பாலவனத்தம் வீரணன். நாதஸ்வரக்காரர்.

தொண்ணூற்றேழில் ராஜபாண்டி தன் பிறந்த நாளுக்கு வந்து வாசிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். எம்.ரெட்டியபட்டி காலனியில் ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது, மறுநாள் கட்டாயம் வருகிறேன் என்றார் வீரணன்.

சொன்னபடியே மறுநாள் போனார். வெள்ளை வேட்டி கட்டி, நாதஸ்வரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். ஏழு வயது துர்காதேவியைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

"காலனிக்கு வாசிச்ச கையி எனக்கு எதுக்கு?" என்றார் ராஜபாண்டி.

அவருடைய ஆட்கள் கிணற்றடி மோட்டார் ரூம் படிக்கல்லில் கையை வைக்கச் சொன்னார்கள். மூன்று விரல். ராஜபாண்டி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸில் எழுதி முடித்தார்கள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் வீரணன் ஒரு மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். லோடு லாரி வந்தால் விசில் ஊதவேண்டும். கடைசிவரை ஊதவே இல்லை. இரும்புக் கதவைத் தட்டியே ஆள் கூப்பிட்டார். அங்கேயே ஒரு நாள் உட்கார்ந்தபடி செத்துப்போனார்.

ராஜபாண்டியோ வருஷாவருஷம் பிறந்த நாளுக்கு இசை விழா நடத்திக் கலைக் காவலர் ஆனார்.

ஆறு மாசமாகத் துர்காதேவிக்குச் சரியான தூக்கமில்லை. யாராவது தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டால்? ஆனால் எல்லோரும் இருபத்து நான்கைத்தான் புரட்டினார்கள். ராஜபாண்டியும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

தவசி வழக்கம்போலப் புதுத் தாளைச் சத்தமாக வாசித்தார்.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட நாள், 1975. இந்தியா முதன்முதலாக உலகக் கோப்பை கிரிக்கெட்டை வென்ற நாள், 1983.

பெஞ்சில் ஒருவர் கை தட்டினார்.

"நாதஸ்வரக் கலைஞர் பாலவனத்தம் வீரணனின் விரல்கள்..." தவசியின் குரல் இறங்கியது. வாய் தானாக மிச்சத்தையும் வாசித்துவிட்டது. "...முறிக்கப்பட்ட நாள், 1997."



துர்காதேவி ராஜபாண்டியின் முகத்தைப் பார்த்தாள். அதற்காகத்தான் லீவு போட்டுக் காலைப் பஸ்ஸில் வந்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் வேலை போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முகம் வெளுத்து, பிறகு கறுத்து, வாய் கோணியது. ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

அவர் எட்டித் தாளைப் பிய்த்துக் கசக்கினார்.

"ஏலே, நம்ம கடையில குடுத்த காலண்டரப் பூராத் திருப்பி வாங்கிட்டு வாங்கலே. ஒண்ணு வெளிய இருக்கக் கூடாது!"

துர்காதேவி எழுந்தாள்.

"அய்யா, உங்க கடைக்குன்னு அடிச்சது மேல இருக்க அட்டை மட்டுந்தான். தாளுக் கட்டு எல்லாக் கடைக்கும் ஒண்ணுதான். ரெண்டு லட்சம் அடிச்சோம். நேத்து உங்க பிறந்த நாளப் பாத்த வீடு பூராவும் இன்னைக்கு இதப் பாக்கும்."

"நீ யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் எதிர்ப்பக்க உரக்கடைச் சங்கையா படியேறி வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கையில் அவர் கடைக் காலண்டரின் தாள்.

"அண்ணாச்சி, இவுக நம்ம பாலவனத்தத்து வீரணன்தானே? முறிச்சது யாருன்னு போடக் காணோமே?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ராஜபாண்டி பக்கம் திரும்பினார்கள்.

துர்காதேவி மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.