ஒன்றரை மடங்கு

"எழுத்தை ஒரு மடங்குல வெச்சா எறும்பு. ரெண்டு மடங்குல வெச்சா யானை. நடுவுல ஒண்ணுமே கிடையாதா மஸ், உங்க லினக்ஸ்ல?" மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டே கேட்டான் காலிஹ்.

கட்டிலில் சாய்ந்திருந்த ஹெருவிடமிருந்து பதில் வராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் அவரிடம்தான் கேட்டான். பேச்சு நின்றுபோன பிறகும் 'மஸ்', அதாவது அண்ணா, என்று அவரிடம் பழையபடி வாயாடுகிறவன் அவன் ஒருவன்தான்.

யோக்யகர்த்தா நகரில் பாதிப் பேரை, காலிஹ் உட்பட, லினக்ஸ் இயங்குதளத்துக்கு இழுத்துவிட்டவர் ஹெரு. சின்னஞ்சிறு மடிக்கணினி அவருடையது. உள்ளங்கை இடத்தில் லட்சக்கணக்கான புள்ளிகளை அடைத்த திரை. "மூக்கைக் கொண்டுபோய் ஒட்டினாலும் ஒரு புள்ளி கண்ணுல படாதுடா" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார்.

நோய் வந்தபின் அந்தத் திரைதான் அவருக்கு வாய்.

திரையில் எழுத்துப் பலகை விரியும். வலது ஆட்காட்டி விரலைத் தொடுதளத்தில் உரசி அம்பை நகர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். கடைசியாகத் தட்டியது: 'டீயில் சர்க்கரை எங்கே?'

அதற்குப் பிறகு தட்டவில்லை.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள் அவர் மனைவி லாராஸ். சர்க்கரையை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். மறுநாளும் விரல் அசையாமல் கிடக்க, குனிந்து கேட்டாள்: "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கா மஸ்?"

அவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம்.

லாராஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு கணினியில்தான். கணினிக்கு வைத்தியம் பார்க்க காலிஹ் இருக்கிறான்.

ஞாயிறுதோறும் வந்தான். இரண்டு மடங்கு ஆக்கினால் பாதி எழுத்துகள் திரைக்கு வெளியே ஓடிவிட்டன. ஒன்றரை மடங்கு ஆக்கினால், தண்ணீருக்குள் கிடப்பதுபோல் எல்லாமே கலங்கிப்போனது. வேறு வழி பார்த்தால், மற்றதெல்லாம் பெரிதானாலும் எழுத்துப் பலகை மட்டும் பெரிதாக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இதே அளவுலதானே ம்பாக், போன மாசம் வரைக்கும் தட்டினாரு?" அக்கா முறையில் லாராஸிடம் கேட்டான் காலிஹ்.

"கண்ணு களைச்சுப்போயிருக்கும். நீ பண்ணு."

பண்ணினான். ஒவ்வொரு முறையும் லாராஸ் கேட்பாள், "இப்பவும் சின்னதா?" ஒவ்வொரு முறையும் ஹெருவின் கண்கள் மூடித் திறக்கும்.

இன்று பழைய பலகையையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டான். சட்டென்று ஒன்றரை மடங்கில் நின்றது. ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு. பிசிறில்லை, கலங்கல் இல்லை.

"ம்பாக்! வந்து பாருங்க!" தொடையில் தட்டிக்கொண்டு கத்தினான். பொரித்த தெம்பே சோயா வில்லை ஒன்றை வாயில் திணித்துக்கொண்டு, மழையில் நனையும் ஸ்கூட்டரை உள்ளே தள்ள வெளியே ஓடினான்.

லாராஸ் கணினியைக் கணவரின் மடியில் வைத்தாள். அவர் விரலை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினாள்.

"பளிச்சுனு தெரியுதுல்ல? தட்டுங்க மஸ். என்னைத் திட்டறதா இருந்தாலும் பரவால்ல."

ஹெரு திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இப்பவுமா சின்னதா இருக்கு?"

கண்கள் மூடித் திறந்தன. ஓரத்திலிருந்து ஈரம் காதுவரை இறங்கியது.

லாராஸ் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் உள்ளங்கையை அவர் விரலுக்கு அடியில் கொடுத்தாள்.

"அழுத்துங்க."

ஓட்டுக்கூரையில் மழை இரைந்தது. காத்திருந்தாள். அவள் எப்படி வைத்தாளோ, அப்படியே கிடந்தது விரல்.

முதலில் பேச்சு, அப்புறம் கை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைக்கு அப்புறம் என்ன என்றும் சொன்னார். அதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இத்தனை ஞாயிறுகளும் இந்த மனிதர் யாருக்காகக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது.

தலையைத் துவட்டியபடி காலிஹ் உள்ளே வந்தான். "என்ன ம்பாக்? ஏதாவது தட்டினாரா?"

லாராஸ் கணவரின் கன்னத்தைத் துடைத்தாள். கணினியைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"இன்னும் சின்னதாத்தான் இருக்காம். கொஞ்சம் பெரிசாக்கிக் குடு, காலிஹ்."