இரட்டை விசிறி

ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

பாவாயி வேறெதையும் பார்க்கவில்லை. வெளியே பள்ளம், மூங்கில், குரங்குகள். எதுவும் வேண்டாம். டாஷ்போர்டில் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்கிற அந்தச் சூட்டு ஊசி போதும்.

எட்டாவது வளைவு. இன்னும் பதினெட்டு இருக்கிறது. பின்னால் பத்து டன் சிமெண்டு.

ராக்கியப்பன் ஸ்டீரிங்கை மார்போடு அணைத்து ஒடித்தார். அவருடைய லாரி. முப்பது வருஷத்து வண்டி. இந்த மலையில் ஒருமுறையாவது இது கொதிக்காமல் ஏறியதாக அவருக்கே ஞாபகமில்லை.

ரேடியேட்டரைக் குளிரவைக்க இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இரும்பு விசிறியை நேற்றுத்தான் அவள் கழற்றிப்போட்டாள். இன்ஜின் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் அது சுற்றும். ஏற்றத்தில் வண்டி முக்கி முனகும்போது அதுவும் சோர்ந்துவிடும். காற்று வேண்டிய இடத்தில் காற்று இருக்காது.

அந்த இடத்தில் இப்போது இரண்டு கார் விசிறிகள். கரண்டில் சுற்றுபவை. உடைசல் கடையில் பொறுக்கியது. காருக்குப் பன்னிரண்டு வோல்ட்டு, லாரிக்கு இருபத்துநாலு. அப்படியே கொடுத்தால் கருகிப்போகும். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்து, வோல்ட்டைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டிருந்தாள்.

சங்ககிரி லாரிப் பேட்டையில் அவள் கடை போட்டு நாலு மாசம். பல்பு மாற்ற வருவார்கள். ஹாரன் கட்ட வருவார்கள். இன்ஜின் பக்கம் கைவைக்க விட்டவர் இவர் ஒருவர்தான். விடும்போதே சொல்லிவிட்டார்.

"கொதிச்சா பழசையே மாட்டிக் குடுத்தரோணும் பாவாயி. அப்பறம் நீ பல்போட நின்னுக்கோ."

பழைய விசிறியும் மூட்டைகளின் மேல் கயிறு கட்டிக் கூடவே வருகிறது.

பத்தாவது வளைவில் ஊசி சிவப்பைத் தொட்டது.

ராக்கியப்பன் ஓரம் கட்டினார்.

"அணைச்சராதீங்கண்ணா. ஓடட்டும்."

அவர் இன்ஜினை ஓடவிட்டார். இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தார். ஸ்பானர் பையை எடுத்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பின்னால் வந்த செங்கல் லாரி உரசுகிற மாதிரி கடந்தது. அதே பேட்டைக்காரனான அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏனுங்க மாமா, அப்படியே சீலிங் ஃபேனும் ஒண்ணு மாட்டியிருக்கலாமல்லொ?"

அவள் முன்மூடியைத் தூக்கிவிட்டு எதிரே வந்து நின்றாள். இரண்டு விசிறியும் சுற்றின. சத்தம் சரியாக இருந்தது. வேகம் சரியாக இருந்தது.

பிறகென்ன கேடு?

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். இடது விசிறிக்கு நேரே, கிரில்லில் வைத்துக் கையை எடுத்தாள்.

ஒட்டிக்கொண்டது.

வலது பக்கம் வைத்தாள்.

துண்டு திரும்பி அவள் முகத்தில் அடித்தது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சூடு.

ஒன்று காற்றை இழுக்கிறது. மற்றது அதே காற்றை வெளியே துப்புகிறது.

இரண்டும் வேறு வேறு காரின் விசிறி. ஒருத்தன் நீல வயரை எர்த்துக்கு வைப்பான், இன்னொருத்தன் கறுப்பை வைப்பான். பதினோரு வருஷம் அடுத்தவன் கடையில் வயர் பிடித்தவளுக்கு இது தெரியாதா. நேற்று இரண்டும் சுற்றியதே பெரிசாக இருந்தது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். சத்தமாகவே.

ராக்கியப்பன் ஸ்பானரோடு திரும்பினார்.

"ரெண்டு நிமிசங்கண்ணா."

விசிறி சுவிட்சை அணைத்தாள். பம்பர்மேல் ஏறி உடம்பை உள்ளே நுழைத்தாள். முழங்கை ரேடியேட்டரில் பட்டுத் தோல் பொசுங்கியது. கையை எடுக்கவில்லை. வலது விசிறிக்கு இரண்டே வயர். வெட்டினாள். பல்லால் சீவினாள். இடம் மாற்றி முறுக்கினாள். டேப்பைச் சுற்றினாள்.

சுவிட்சைப் போட்டு, துண்டை வலது பக்கம் வீசினாள்.

கிரில் அதைக் கவ்விக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் கேபினில் ஏறி ஊசியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

அசையவில்லை.

அசையவில்லை.

ஒரு மயிரிழை இறங்கியது. இன்னும் ஒரு மயிரிழை.

ராக்கியப்பன் ஸ்பானரைக் காலடியில் போட்டார். போய்க் கல்லை எடுத்துவிட்டு வந்தார்.

பன்னிரண்டு. பதினைந்து. ஊசி நடுவில் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவேயில்லை. இரும்பு விசிறியைச் சுற்றிச் சுற்றியே பாதி உயிரை விட்டுக்கொண்டிருந்த இன்ஜினுக்கு இப்போது அந்தச் சுமை இல்லை. ஃபர்ஸ்ட் கியரைத் தவிர வேறொன்றும் அறியாத பத்தொன்பதாவது வளைவில் அவர் செகண்டைத் தள்ளிப் பார்த்தார்.

வண்டி வாங்கிக்கொண்டது.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. விரல்கள் மட்டும் ஸ்டீரிங்கில் தாளம் போட்டன.

இருபத்திரண்டில் நாலு லாரிகள் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி விட்டன. செங்கல் லாரியும் அதில் ஒன்று. டிரைவர் குடத்தோடு நின்றான். ராக்கியப்பன் ஹாரனை அழுத்தினார். வளைவு தாண்டியும் கையை எடுக்கவில்லை.

உச்சியில் காற்று குளிர்ந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவர் பின்பக்கம் போனார். அவளும் இறங்கிப் போனாள்.

பின்பலகையில் பாடி கட்டியவர் பெயரும் பெயிண்ட் அடித்தவர் பெயரும் செல் நம்பரோடு இருந்தன. அதன் கீழே வெறும் பச்சை. அவர் அதைக் கையால் துடைத்தார்.

"பெயிண்டர்கிட்டச் சொல்லியர்றேன். உம் பேரு, நம்பரு. இங்கெதுக்கு, முன்னாடி பம்பர்லயே போட்டர்லாமா? எதுக்க வர்றவன் எல்லாத்து கண்ணுலயும் படும்."

அவள் வந்த பாதையைப் பார்த்தாள். கீழே, இருபத்திரண்டில், பின்தங்கி நின்ற லாரிகளிலிருந்து இன்னும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"பின்னாடியே போடச் சொல்லுங்கண்ணா," என்றாள். "கொஞ்சம் பெரிசா."