இன்னிக்கி இன்னா தேதி?

மாமனார் சுப்புராயனின் பழைய கம்ப்யூட்டரில் தேதி நிற்காது. தினமும் கம்ப்யூட்டரைப் போட்டதும் அறையிலிருந்தே கூப்பிடுவார்.

"எழிலு, இன்னிக்கி இன்னா தேதிம்மா?"

"உங்க பொட்டிக்குத் தேதி சொல்றதுதான் எனக்கு வேலையா?" அடுப்படியிலிருந்தே கத்துவாள் எழில்மதி.

கடைசியில் அதைச் சங்கராபுரம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். போர்டோடு பற்றவைத்திருந்த செத்த பேட்டரியை எடுத்துவிட்டு அவர் புதியதைப் பற்றவைத்தார்.

"இனிமே தேதி அதுக்கே தெரியும் மாமா. என்னைக் கூப்புட வேணாம்."

"சரிம்மா" என்றார் சுப்புராயன்.

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் அறையில் சத்தமே இல்லை. வழக்கமாக அறை வாசலிலேயே வைத்துவிடும் காபியை அன்று உள்ளே எடுத்துப்போனாள்.

கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே தொங்கிய காலண்டரில், எப்போதும்போல நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார் அவர்.

"மாமா, இன்னிக்கி இன்னா தேதி?" என்று கேட்க நினைத்தாள். வெட்கமாக இருந்தது; காபியை அவர் கையிலேயே கொடுத்தாள்.