ஓட்டை பிடித்து வைத்த இடம்

ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு காலத்தில், ஒரு பழைய கார் இருந்ததாம். அதன் ஏசியைக் கழற்றிவிட்டார்கள். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்த தகரத்தில், ஏசிக் குழாய் நுழைந்திருந்த ஓட்டை மட்டும் மிச்சம். அதன் வழியாக எஞ்சின் புகை தினமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்படியே போனா என் மேல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க," என்று இருமியது சீட்டு.

அடைக்க வந்தது ரப்பர் மூடி. ஓட்டை விடவில்லை. "இது குழாய் அண்ணன் இடம். வருவார்னு பிடிச்சு வச்சிருக்கேன்."

"பஸ்ல இடம் பிடிக்கிறவங்க துண்டு போடுவாங்கல்ல? நான்தான் அந்தத் துண்டு. அண்ணன் வந்தா என்னை எடுத்துடு," என்றது மூடி.

ஓட்டை யோசித்தது. "சரி, நல்லா விரிச்சுப் போடு."

வழக்கம்போல் புகை வந்தது. "இங்க ஆள் வருதா?"

"வருது," என்றது ஓட்டை, மிடுக்காக.

புகை முணுமுணுத்துக்கொண்டே வெளியே நடந்தது.