மூன்றாவது நாள் டூட்டி

மாற்று நர்ஸ் வராததால், கொடைக்கானலில் அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சண்முகப்பிரியாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது நாளும் டூட்டி. வார்டில் ஊசிகளைப் போட்டு முடித்து, மாலை நான்கு மணிக்குப் பண்ணைக்காடு ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள்.

"அம்மாவால இன்னைக்கும் வர முடியாதுடா கண்ணு."

"நீதான் மதியமே வந்துட்டியேம்மா! எனக்குத் தலை பின்னிவிட்ட. இப்ப அப்பாகூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்க."

அவரோடு சிரித்துப் பேசி எத்தனை மாதமாயிற்று! அவளுக்கு வயிறு எரிந்தது.

"என்ன சேலை கட்டியிருக்கா?"

"பொங்கலுக்கு அப்பா எடுத்தாங்களே, கட்ட நேரமில்லன்னு வச்சிருந்தியே, அந்தப் பச்சைச் சேலை."

அது அங்கே இருப்பவளுக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சண்முகப்பிரியாவின் குரலே போனுக்குள் கேட்டது, நன்றாகத் தூங்கி எழுந்த குரலாக.

"வெரசா போனை வை கண்ணு. பாவம், அந்த அக்காவுக்குச் சோலி கெடக்கும்."